நாலாவது போல்ட்

ஜூன் 2

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் என் இன்ஜினியர் மகளுக்கு, ஒன்பதாம் வகுப்பு பிடித்துப்போய் அதையே இரண்டு முறை படித்த உன் அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" முடிந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் உம்மணாமூஞ்சியைப் பற்றி. அந்த ரெண்டு சீட்டு இங்கிலாந்துக் காருக்கு நீதானே பெயர் வைத்தாய்? முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கறுப்பு ரப்பர் பம்பரைப் பார்த்து, "அப்பா, இது யாரோடயோ கோவிச்சுக்கிட்டு உதட்டைத் தள்ளி வெச்சிருக்கு" என்றாய். அந்த உதட்டைக் கழற்றிவிட்டு, முந்தைய மாடலின் மெல்லிய குரோம் பம்பரை மாட்டப்போகிறேன். வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். அம்மா அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறாள்.

பழையதைப் பிடித்திருப்பது நாலு போல்ட். நாலும் துருவேறி, இந்த வீட்டில் எல்லோரையும் போல என்னை மதிக்க மாட்டேன் என்கின்றன. என்ன செய்யட்டும்? விவரமாக எழுது.

அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பா,

கடிதத்தை பஸ்ஸில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

முதலில் சுத்தியலை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுங்கள். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி, இறுக்குகிற பக்கமாக ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். பம்பரிலேயே இண்டிகேட்டர் இருக்கிறது, அதன் ஒயரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ரப்பருக்குள் இரும்புச் சட்டம் உண்டு. அடியில் ஜாக்கை முட்டுக்கொடுக்காவிட்டால் அது உங்கள் காலில்தான் இறங்கும்.

இங்கே பம்பு கம்பெனியில் எனக்கு எல்லாமே திரையில்தான். ஸ்பேனரைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று! இதை எழுதும்போதே கை அரிக்கிறது.

உங்கள் மகள்


ஜூலை 8

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். அம்மா "தெரியும், தெரியும்" என்று சொல்லச் சொல்ல அவளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

மூணு போல்ட் கழன்றுவிட்டன. நாலாவதுதான் வம்பு. பம்பர் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஊற்றிய எண்ணெயை என் தலையில் ஊற்றியிருந்தால் முடியாவது முளைத்திருக்கும். சூடு காட்டலாமா? எந்தப் பக்கத்திலிருந்து? போல்ட் தலை தேய்ந்துபோனால்? குரோம் பம்பர் வந்தால் இண்டிகேட்டரை எங்கே வைப்பது? நிதானமாகப் பதில் எழுது. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

எதிர்வீட்டு லாரி மெக்கானிக் வந்து, "அண்ணே, நகருங்க, ஒரே நிமிஷம்" என்றார். "என் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அம்மா ஏதோ போட்டோ எடுத்தாள். இதோடு வைத்து அவளே உறையை ஒட்டுகிறாளாம். தொப்பை தெரிந்தால் கண்டுகொள்ளாதே.

அப்பா


ஜூலை 27

அன்புள்ள அப்பா,

தொப்பை தெரிகிறது. பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் கறுப்பு ரப்பர் பம்பரும் தெரிகிறது. உங்கள் காலடியில், பிஸ்கட் டப்பா மூடியில், போல்ட்டுகள். எண்ணினேன். நாலு.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது எப்பவோ கழண்டுடுச்சுடி. கழண்ட அன்னிக்கு மனுஷன் சாப்பிடவே இல்ல. 'இனிமே அவளுக்கு என்னத்தை எழுதறது'ன்னு உக்காந்துட்டார். அதான் போட்டோவை வெச்சேன்" என்றாள்.

அப்பா, அந்த நாலாவது போல்ட்டைப் பற்றி நிறைய யோசித்தேன். ரொம்ப மோசமாகப் பிடித்திருக்கிறது. எழுதியெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியாது. நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை. அதுவரை அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 13

என் கண்ணுக்கு,

இன்று காலை உம்மணாமூஞ்சிக்குப் பழைய பம்பரைத் திரும்ப மாட்டினோம். நானும் அம்மாவும் ஒரு பக்கம், லாரி மெக்கானிக் ஒரு பக்கம்.

"கழட்டினதை ஏண்ணே மறுபடி மாட்டுறீங்க?"

"கேக்காதீங்க தம்பி, பிடிங்க" என்றாள் அம்மா.

நாலாவது போல்ட்டில் மட்டும் அவரைக் கை வைக்க விடவில்லை. பைப்பைச் செருகி நானே இறுக்கினேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, கழற்றிப் பார்த்தேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஆக, நான் எழுதியது இன்றைக்கு உண்மையாகிவிட்டது.

வண்டி மறுபடி உதட்டைத் தள்ளிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறது. யாரோடு கோபம் என்று நீயே வந்து கேட்டுக்கொள்.

ஒருவேளை லீவு கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வண்டிக்குப் பின்னாலும் ஒரு பம்பர் இருக்கிறது. அதை நான் இன்னும் தொடவே இல்லை.

அப்பா