யாருல அது என்று கேட்க ஒரு குரல்

பகவதி அக்கா, என் தங்கமே,

நீங்கள் போன பிறகு என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட இந்தத் தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில், ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் நான் மேடம், இல்லாவிட்டால் ‘ஆதி மம்மி’. அதுவும் புகார் சொல்ல வரும்போதுதான்.

ஆதி நன்றாக இருக்கிறான். என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான், பேச்சு மட்டும் அப்படியேதான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன கையோடு புனேக்கு வேலை மாற்றிக்கொண்டு போன அவன் அப்பா இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் அம்மா போனில் பழைய பாட்டையேதான் பாடுகிறாள்: "நீ வேலை வேலைன்னு ஓடுன, புள்ள இப்படி ஆயிட்டான். ரெண்டு போடு, தானா பேசுவான்." நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சவத்தத் தள்ளுட்டி. காப்பியக் குடி."

உங்கள் வீட்டு வாஷிங் மெஷினைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையோடு மூன்றாம் மாடி ஏறி உங்கள் பெல்லை அடிப்பான். அவன்தான் என்று தெரிந்தும் திறக்காமல் உள்ளேயிருந்து கேட்பீர்கள், "யாருல அது?" இன்னொரு தடவை பெல்லை அடிப்பான். அப்புறம் சொல்வான், "நாந்தான்." உலகத்தில் அவன் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான். பிறகு மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆபீஸிலிருந்து வரும் நான் உங்கள் சமையலறையில் சூடாக ஒரு வாய் காப்பி குடிப்பது அப்போதுதான்.

அவனுக்காகவே காலையில் துவைக்காமல் துணியைச் சேர்த்து வைத்திருந்தீர்கள். விளக்கு வைத்த பிறகு மாடியில் துணி காயப்போடுகிறாளே, வீட்டுக்கு ஆகுமா என்று பெண்கள் உங்கள் காதுபடவே பேசினார்கள். நீங்கள் ஒருத்தருக்கும் காரணம் சொல்லவில்லை. என்னிடம்கூட, "காலைல தண்ணி சரியா வரமாட்டுக்கு" என்றுதான் சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா அக்கா? அதே தண்ணீர்தானே எங்கள் வீட்டுக்கும் வருகிறது?

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி என்றீர்கள், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் கீழே பார்க்கிங்கில் கிடத்தியிருந்தபோது, "பையனைக் கூட்டிட்டு வராதீங்க, கத்துவான், நல்லாயிருக்காது" என்றார்கள். நானும் அவனை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். அதனால் அவன் உங்களைக் கடைசியாகப் பார்க்கவே இல்லை. அவனைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் மகள் அவள் அப்பாவைத் தன்னோடு பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். மெஷினும் அவர்களோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் இப்போது ஒரு மதுரைப் பெண் புருஷனோடு குடியிருக்கிறாள். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஆதி தினமும் போய் பெல் அடித்தான். "என்ன வேணும் தம்பி?" என்று அவள் திறந்தால் பேசாமல் நிற்பான், மூடினால் மறுபடி அடிப்பான். மீட்டிங் நடுவில் அவள்தான் எத்தனை நாள் பொறுப்பாள்? அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் எழுதிவிட்டாள். உடனே ஆளாளுக்கு அறிவுரை. செயலாளர் என்னைப் படியில் நிறுத்தி, "பாபுனி கொஞ்செம் கண்ட்ரோல்லோ பெட்டண்டி மேடம்" என்று தெலுங்கில் பையனை அடக்கி வைக்கச் சொன்னார். கூட நின்ற அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது அக்கா. ஆபீஸில் கெஞ்சிச் சீக்கிரம் கிளம்பி, வேன் வரும்போது கீழே நின்று, அவன் கையைப் பிடித்து நேராக வீட்டுக்குள் இழுத்து வந்தேன். தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதான். எங்கள் மெஷினில் துணி போட்டுக் காட்டினேன். அதற்கு மூடி மேலே இருக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியாது. மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அப்புறம் ஒரு நாள், நான் பிடிக்காமலேயே உங்கள் மாடிக்கு ஏறாமல் நேராக வீட்டுக்கு வந்தான். "பரவாயில்லையே, திருந்திட்டானே" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். நான் குளியலறையைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் எங்கே திருந்தினான்? உங்களைக் கேட்பதை விட்டுவிட்டான். ‘நாந்தான்’ என்பதும் அதோடு போய்விட்டது.

மனசு கேட்காமல் மதுரைப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. கூட்டிட்டு வாங்க" என்றாள். கெட்ட பெண் இல்லை. கூட்டிப்போனேன். அவன் பெல்லைத் தொடவே இல்லை, என் துப்பட்டாவைப் பிடித்துப் படியிறங்க இழுத்தான்.

அதனால் இப்போது வேன் வந்ததும் நான் முன்னால் ஓடி, எங்கள் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவன் வந்து பெல் அடிக்கிறான். உங்களைப் போலவே கேட்கிறேன், "யாருல அது?" திருச்சிக்காரி வாயில் உங்கள் ஊர்ப் பேச்சு சரியாக வரவில்லை. பதிலும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறக்கிறேன். "பெத்த புள்ளைய வெளிய நிக்க வச்சு வேடிக்கை பாக்குறா" என்று எதிர்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். நான் காரணம் சொல்லப் போகவில்லை. சவத்தைத் தள்ளுங்கள்.

நேற்று கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். நான் கேட்டதும் அவன் காதைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். என் குரலுக்குள் உங்களைத் தேடுகிறான் அக்கா.

யார் என்ன பேசினாலும் தினமும் கேட்பேன், அவன் பதில் சொல்கிறவரை கேட்பேன். "நாந்தான்" என்று அவன் சொல்லும் அன்றைக்கு, விளக்கு வைத்த பிறகு மொட்டைமாடியில் போய்த் துணி காயப்போடுவேன். எல்லாரும் பார்க்கட்டும்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ஆதியின் அம்மா மாலா