நெஞ்சு அடங்கியது, வீம்பு அடங்கவில்லை

ஜூன் 3
நான்காவது டாக்டர். டெங்குவுக்குப் பிறகு எட்டு மாதமாக இழுக்கும் இந்தச் சோர்வுக்கு ஒருவழியாகப் பெயர் வைத்தார் – நாட்பட்ட சோர்வு நோய். எழுந்து நின்றால் நாடி நூற்று முப்பது. ப்ரோப்ரனலால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது படபடப்பத்தானுங்க அடக்கும், சோர்வ எடுக்காது. நல்லா இருக்கற நாள்லதான் ஜாக்கிரதையா இருக்கோணும்." சோர்வை எடுக்காத மாத்திரைக்கு இத்தனை அறிவுரை!

ஜூன் 5
பனியன் கம்பெனி மேனேஜர் தவசி இன்றும் வைத்தியம் சொன்னான். "பூபாலன் மாஸ்டர், இஞ்சி டீ குடிங்க, செரியாப் போயிருமுங்க." துணியில் உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதவன், என் நாடியைப் பிடிக்க வந்துவிட்டான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். "முடியலீன்னா சொல்லுங்க, மூலனூர்ல ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்காரு." பன்னிரண்டு வருடம் நான் நின்று வெட்டிய மேசை. அதை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

ஜூன் 9
நின்றபடியே நாடி எண்பத்திரண்டு! துணி வெட்டும் மெஷினை மதியம் வரை நிறுத்தாமல் ஓட்டினேன்.

ஜூன் 10
ஷிப்மென்ட் அவசரம். தவசி வாய் திறக்குமுன் நானே சொன்னேன், "ஒண்ணரை ஷிப்ட் நிக்கறேனுங்க." அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முன்பெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டு 'உட்கார்' என்று சொல்லும். இன்று அது வாயே திறக்கவில்லை.

ஜூன் 12
படுக்கை. தலை தூக்க முடியவில்லை, வெளிச்சம் கூசுகிறது. மைதிலி ரசம் ஊட்டினாள். "மாத்திர நெஞ்சுக்குத்தானுங்க, உங்க வீம்புக்கு இல்லீங்க" என்றாள். கட்டியவளும் டாக்டராகிவிட்டாள். நாடி எழுபது – பிணத்துக்குப் பூச்சூட்டிய மாதிரி என்ன அழகு.

ஜூன் 14
கக்கூசுக்குப் போக சுவத்தப் புடிச்சுட்டுப் போறேன். அழுகையா வருது. தவசி முட்டாள்னா நான் யாரு?

ஜூன் 23
திரும்ப கம்பெனிக்குப் போனேன். உயரமான ஸ்டூல் ஒன்று, ஒரு ஷிப்ட் மட்டும் என்று கேட்டேன். "கட்டிங் மாஸ்டர் உக்காந்து நான் பாத்ததில்லீங்களே" என்றான் தவசி.

"இனிமே பாருங்க."

நான் படுத்திருந்த நாட்களில் மூலனூர்க்காரர் தப்பாக வெட்டிய சட்டைக் கைப்பீஸ்கள் மூலையில் குவிந்து கிடந்தன. அதனால்தான் அவன் மறுக்கவில்லை, என் மேல் பாசத்தால் அல்ல.

ஷிப்ட் முடிந்ததும் ஐந்தரைக்கு மெஷினை அணைத்தேன். அந்த நேரத்தில் கிளம்பியவர்களைச் சோம்பேறி என்று இத்தனை வருடம் கேவலமாகப் பேசியவன் நான். முதுகுக்குப் பின்னால் யாரோ அதையே சொன்னார்கள். கூசிப்போனது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஜூன் 24
காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். இன்றும் வேலைக்குப் போனேன்.