இரண்டு தொட்டிக்கும் ஒரே தீனி

அக். 12, 1982. செவ்வாய்

மூன்றாம் நாளாகத் தூறல். சட்டை காயவில்லை, நாற்றம். மண்ணெண்ணெய் தீரப்போகிறது.

காலையில் இரண்டு தொட்டியிலிருந்தும் கப்பி மீன் எடுத்து அறுத்தேன். ஏ தொட்டிக்கு ஒரு வருடமாகப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அந்தப் பூஞ்சையால் ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும். பி தொட்டிக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான சாமை மாவு.

ஏ: ஈரலில் கட்டி. குதித்தேன்.

பி: அதிலும் கட்டி.

தண்ணீரில் கோளாறா? தோல் பதனிடும் ஷாப் கழிவு கலக்காத ஊற்று என்றுதானே புரொபசர் என்னை இந்த மலையில் கொண்டுவந்து போட்டார். எரிச்சல். சாப்பிடவில்லை.

13, புதன்

கோளாறு தண்ணீரில் இல்லை. காளியம்மாக்கா! இங்கே எனக்குச் சமையலும் அவர்தான். சரசுவைப் பார்க்க நான் திருப்பத்தூர் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மீனுக்குத் தீனி போடுவதும் அவர்தான். போன மாதங்களில் எத்தனை முறை போனேன்! பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ரெண்டுத்துக்கும் பிண்ணாக்குதான் போட்டேன் சார். இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி, வெறும் மாவு துன்றதுக்கு? ஒரே வூட்ல ரெண்டு பந்தி போடுவாங்களா?"

கத்தினேன். அது நோய் வரவைக்கும் தீனி என்றேன். அக்கா தன் கையையே பார்த்தார்.

"நோவு வர்ற தீனியவா சார் என் கையால போட வச்சீங்க?"

போய்விட்டார். நானே வடித்த சோறு குழைந்து போயிற்று.

15, வெள்ளி

மழை விட்டது. காலெல்லாம் அட்டை.

பி தொட்டி விஷயத்தை மறைத்துவிட்டால்? யாருக்குத் தெரியும். சீ, என்ன புத்தி. புரொ.க்கு உள்ளதை எழுதிப் போட்டேன். முதலிலிருந்து ஆரம்பம். புதுக் கப்பிக் குட்டிகளைப் பிரித்து இரண்டு தொட்டியில் விட்டேன். இனி ஒரு வேளை தவறினாலும் கணக்கு கெடும்.

இன்னொரு வருடம் இங்கேயே. சரசுவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று மாமனாரிடம் வாயை வேறு விட்டிருக்கிறேன்.

வேண்டியவை: சோப்பு, தீப்பெட்டி, பேனா மை.

18, திங்கள்

வெயில். பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே கத்தினார்: "சார்! பொண்ணு பொறந்துகீதாம்! உங்க மாமனார் கையோட இட்டுனு வர சொன்னாரு!"

அக்கா வீட்டுக்கு ஓடினேன். இரண்டே நாள் அக்கா என்று கெஞ்சினேன்.

"மாவுன்னா போடறேன் சார். அந்தப் பிண்ணாக்க தொட மாட்டேன். பொண்ணு பொறந்த நேரத்துல நீங்களும் தொடாதீங்க."

ஹாரன். பையோடு பாதி தூரம் ஓடினேன். நின்றேன். பஸ் வளைவில் திரும்பிப் போயிற்று.

ஏ தொட்டிக்குப் பிண்ணாக்கு கரைத்துப் போட்டேன். கை கழுவினேன். மறுபடி கழுவினேன். இந்தக் கையால்தான் அவளைத் தூக்க வேண்டும்.