மேனேஜர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு வாரம்

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு மதுரையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அந்த டப்ளின் குளிரில் நீ சுகமாக இருக்கவேண்டுமென்று ஜெபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே தனியாகச் சொல்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கப்பா என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் சிரிக்காதே, சிரித்தால் அப்பாவிடம் சொல்லாதே.

நடந்தது என்னவென்றால், எங்கள் மில் மேனேஜர் மருது சார் தன் தங்கச்சி மகனுக்குத் திருவாதவூரில் காதுகுத்து என்று கேன்டீன்காரியான என்னையும் மதித்துக் கூப்பிட்டார். தாய்மாமன் சீர் போகும்போது கொட்டுக்கு முன்னால் தாய்மாமன் ஆடாவிட்டால் அந்த ஊரில் அவரைத் தாய்மாமன் என்றே சேர்க்கமாட்டார்கள். சார் ஆடினார். கொஞ்சம் ஊற்றிக்கொண்டும் ஆடினார், கொட்டு ஏற ஏற வேட்டியை அவிழ்த்துத் தலையில் உருமா கட்டிக்கொண்டு பட்டாபட்டி டவுசரோடு ஆடினார். மில்லில் சிரித்தே பார்த்திராத மனுசன். நான் வீடியோ எடுத்து, உன் ஆன்சி சித்திக்கு அனுப்புவதாக நினைத்து மில் குரூப்பில் போட்டுவிட்டேன், கூடவே நம்ம சாரா இதுன்னு கேக்காதீக, நம்ம சாரேதான் என்று பேசியும் அனுப்பிவிட்டேன். பதறிப்போய் அழித்தேன், அழிந்தது என் போனில் மட்டும்தானாம். உங்கப்பா அன்றைக்குத்தான் பீரோச் சாவியைத் தேடினார்.

முதலாளி நோயில் படுத்ததிலிருந்து மில்லைப் பார்ப்பது அவர் மகள் சரண்யாதேவிதான், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளை. மேனேஜர் என்றால் மில்லுக்கு முகம், இந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லி, மருது சாரை ராஜினாமா எழுதித் தரச் சொல்லிவிட்டது. அவருக்கு ஐம்பத்திமூன்று வயசு, மகள் கடைசி வருசம் காலேஜில் இருக்கிறாள், இனி எங்கே போய் வேலை கேட்பார். எல்லாம் என் ஒரு விரலால் வந்தது. அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பே இல்லை, ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, அதில்தான் எனக்குப் பயமே வந்தது.

போன மாதம் நீ சொன்னாயே, உங்கள் ஆபீஸ் பெரிய தலை ஒரு பெண்ணோடு பழகினார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சொந்த விசயத்துக்கு இம்புட்டுத் தண்டனையா என்று நீ அங்கலாய்த்தாய். அந்தப் பெண் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள்தானே. அவர் கூப்பிட்டு அவள் மாட்டேன் என்றால் அவள் வேலை என்ன ஆகும் என்று யோசித்தாயா. அது சொந்த விசயம் இல்லையம்மா. மருது சார் கதை வேறு. குடித்தது தப்புதான், அதை அவர் வீட்டம்மா மலையம்மாள் கேட்டுக்கொள்வாள், சரண்யாதேவி கேட்பதைவிடப் பலமாகவே கேட்பாள்.

ஆனால் ஒரு முள் இருந்தது. போன வருசம் மெஷின் ஓட்டும் ஒச்சப்பன் லீவு நாளில் காளவாசலில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான், மில் சட்டையோடு. சட்டையில் மில் பேர் இருக்கு, நீ விழுந்தால் மில்லும் சேர்ந்து விழுது என்று ஒரு வாரம் சஸ்பெண்ட் பண்ணியது இதே மருது சார்தான். ஒச்சப்பன் இந்த வீடியோவை ஸ்டேட்டஸாகவே வைத்துவிட்டான்.

மறுநாள் சரண்யாதேவி எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டியது. வீடியோ எடுத்தவள் நான்தான் என்று கரண்டியோடு எழுந்து நின்றேன். "தாயி, சாரு அங்க தாய்மாமனா ஆடுனாரு, மேனேஜரா ஆடல. இங்க வேலை பாக்குற ஒரு பொம்பளப் புள்ளைய அவரு ஒருநா தப்பாப் பாத்திருந்தா, நீங்க எதுக்கு, இந்தக் கரண்டியே போதும்" என்றேன். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியானால் சும்மா விட்டுவிடவா என்று கேட்டது. பின்னாலிருந்து ஒச்சப்பன் எழுந்தான், போச்சுடா என்று நினைத்தேன். "எனக்கு ஒரு வாரம்னா சாருக்கும் ஒரு வாரம். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்" என்றான். மருது சார் தலையைத் தூக்காமலே, அவன் சொல்றதுதான் சரி என்றார். சரண்யாதேவி ராஜினாமாக் கடிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தது. சஸ்பெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடவேண்டியது மேனேஜர் என்பதால் அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாளே மலையம்மாள் உங்கப்பா போனில் என்னைக் கூப்பிட்டாள், உளுந்து ஏன் பத்து மணிக்கு ஊறுது, எட்டு மணிக்கே ஊறியிருக்கணும்ல என்று சார் அடுப்படியிலும் மேனேஜர் வேலை பார்க்கிறாராம், சரண்யாதேவியிடம் ரெண்டு நாள் குறைத்துக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல் என்று அழாக்குறை.

நீயும் பார்ட்டிக்குப் போனால் ஆடு, வேண்டாமென்று சொல்லவில்லை, ஆடும் முன்னால் யார் கையில் போன் இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொள். மேலே உள்ளவன் எவனாவது தனியாகச் சாப்பிடக் கூப்பிட்டால் எங்கம்மாவையும் கூட்டிவரட்டுமா என்று கேள். ஞாயிறு பூசையை விடாதே, தலைக்கு எண்ணெய் வை, உன் அப்பாவிடம் பேசி என் போனை மீட்டுக் கொடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ஆனிமேரி

எழுத விட்டுப்போனது: திங்கட்கிழமை சார் வேலைக்குத் திரும்பினார். ஒச்சப்பன் ரோஜாப்பூ மாலையோடு கேட்டில் நின்றான். அவன் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த மாடு மாலையைத் தின்றுவிட்டது. மிஞ்சிய நாரை சாருக்குப் போட்டோம். எல்லாரும் கைதட்டினோம். எட்டு மணிக்குச் சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டோம்.