கிணறு இறைக்க வந்த வண்டி

என் உயிரான தங்கராசு மாப்ளே,

நீ போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி உன் சாமி ஒன்று சொல்லும், என் மார்க்கம் ஒன்று சொல்லும். எது நிஜமோ, அங்கே உன்னை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒன்று நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் வண்டியில் ஏறி உட்கார முடியவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

ஃபயர் சர்வீஸ் என்றால் நெருப்பு மட்டும்தான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நம் திருச்சி ஸ்டேஷனுக்கு வருகிற போனில் பாதிக்கு மேல் தண்ணீர் சங்கதி, இல்லையா? மாடு கிணற்றில் விழுந்துவிட்டது, ஆற்றில் குளிக்கப் போனவரைக் காணோம், வெள்ளம் வாழைக்கொல்லைக்குள் வந்துவிட்டது, படகு கொண்டு வாருங்கள். திருவிழா என்றால் பந்தல் ஓரத்தில் நாள் முழுக்க வெயிலில் காவல். பணம் கட்டினால் கிணறும் இறைத்துக் கொடுப்போம். இந்த வேலைகளில் எது வந்தாலும் முதலில் ஏறுகிறவன் நீதான். நான் டிரைவர், என் இடம் ஸ்டீயரிங். கயிற்றின் முனையில் உன் இடம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் அப்படித்தான் போனோம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம், ஒரு மிராசுதார் வீடு. மூன்று வயதுப் பெண் குழந்தை, துவைக்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிட்டது. கிணற்றின் உள்சுவரில் இறங்குவதற்காகப் பதித்திருந்த பழைய இரும்புப் படி ஒன்றில் அதன் பாவாடை மாட்டிக்கொண்டு, தண்ணீர் நெஞ்சு மட்டத்தில் நிற்க, அழக்கூட முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு ஆள் ஒருவர் இறங்கப் பார்த்து, படி பெயர்ந்து செங்கல் கொட்டியதும் பயந்து ஏறிவிட்டாராம்.

நீ இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். மிராசுதாரின் காரியஸ்தர் உன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கிட்டே வந்து பார்த்தார்.

"டேய், நீ நம்ம கொல்லையில வேலை செஞ்ச மூக்கன் மவன்தானே? சேரிப் பய. அய்யா, இவன் எறங்குறானுங்க."

மிராசுதார் நம் லீடிங் ஃபயர்மேனைப் பார்த்துக் கேட்டார்: "வேற ஆள் இல்லீங்களா?"

மாப்ளே, பிள்ளை உள்ளே தொங்குகிறது. பெற்ற தகப்பன் கேட்கிறான், வேற ஆள் இல்லீங்களா என்று. இன்றைக்கும் வண்டி ஓட்டும்போது அந்தக் குரல் காதில் விழும்.

அந்தக் குழந்தையின் அம்மா மட்டும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "யாரா இருந்தா என்னங்க, எறங்கச் சொல்லுங்க! பாவாடை கிழியுதுங்க!"

அவர் சரி என்றாரா, வேண்டாம் என்றாரா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீ அதற்குள் பாதிக் கிணறு இறங்கிவிட்டாய்.

குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு நீ மேலே வந்தபோது உன் முழங்காலுக்குக் கீழே சதை பிளந்திருந்தது. உடைந்த இரும்புப் படி கிழித்த காயம். பிள்ளையை வாங்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நீ காலைக் கழுவத் தண்ணீர் கேட்டாய். கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. காரியஸ்தர் கையை நீட்டி வாளியை மறைத்துக்கொண்டார்.

"இங்க வேணாம்ப்பா. மாட்டுக் கொட்டா ஓரமா வாய்க்கால் ஓடுது பாரு, அதுல கழுவிக்க."

நீ போய்க் கழுவினாய். சாணியும் மூத்திரமும் கலந்து ஓடுகிற வாய்க்கால். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "புள்ள பொழைச்சிருச்சு பாய், விடு" என்றாய். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் பக்கத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர் டிங்க்சர் தடவிக் கட்டுப் போட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து போன். கிணறு அசுத்தமாகிவிட்டது, இறைத்துத் தர வேண்டும், பணம் கட்டிவிடுகிறோம் என்றார்கள். என்ன அசுத்தம் என்று ஆபீசர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

"சார், தங்கராசு வேணாம் சார். வேற யாரையாவது அனுப்புங்க" என்றேன்.

"அவன் டூட்டியில இருக்கான். வரட்டும். வேலைன்னா வேலைதான்" என்றார்.

நீ கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாய். "நான் கெடுத்ததை நான்தானே எறைக்கணும், வா பாய்" என்றாய். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வாசலிலேயே காரியஸ்தர் உன்னை நிறுத்திவிட்டார். நீ மதிலுக்கு வெளியே வாழைக்கொல்லையில் நின்று குழாயின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே நான் பம்பை ஓட்டினேன். நீ பிள்ளையைத் தூக்கிய தண்ணீர் முழுக்க, உன் கை வழியாகவே கொல்லைக்குப் பாய்ந்தது. வீட்டுக்கு ஆகாத தண்ணீர் வாழைக்கு ஆனது. அந்தக் காய் அவர்கள் இலையில்தானே விழுந்திருக்கும்? இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

பம்பை நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன். கட்டு நனைந்து அவிழ்ந்து, கணுக்கால் வரைக்கும் எருச் சேற்றில் நின்றுகொண்டிருந்தாய். உள்ளே ஊறிய புதுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரத்தில் நின்றாள். அன்று கத்தியவள்தான். என்னைப் பார்த்ததும் சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

காவிரிப் பாலத்தில் வரும்போது நீ சொன்னாய்: "எத்தனையோ கெணறு எறைச்சிருக்கேன் பாய். இன்னிக்குத்தான் என்னையே எறைச்சு வெளிய ஊத்திட்டு வரேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். காலையில் டீக்கடையில் பன்னைக் கடித்தவன், கீழே வைத்துவிட்டாய். "தாடை பிடிச்சிக்கிச்சு பாய், வாய் தொறக்க வரல" என்றாய். பல்வலி என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் உன் கழுத்து விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்ததுமே ரணஜன்னி, டெட்டனஸ் என்றார். காயத்தை எங்கே கழுவினார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். துரு ஏறிய படியா, வாய்க்காலா, அந்தச் சேறா? எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். உனக்காவது இப்போது தெரியுமா?

உன்னை இருட்டறையில் போட்டார்கள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு டம்ளர் கீழே விழுந்தால் போதும், உன் உடம்பு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்மண்டையும் மட்டும் கட்டிலில் பட நிற்கும். அவ்வளவு நேரமும் உனக்கு நினைவு இருந்தது. அதுதான் அந்த நோயின் கொடுமை. உன் பெண்டாட்டி பாக்கியம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், அழுகைச் சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று.

அந்த அறைக்குப் பக்கத்தில்தான் ரோடு. வண்டி எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மணியை அடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேகத்தைக் குறைத்து, ஆரனை மட்டும் தூரத்தில் ஒரு தடவை அடித்துவிட்டு, பிணவண்டி மாதிரி ஊர்ந்து போவோம்.

கடைசி நாள் மத்தியானம் நான் லீவு போட்டு உன் பக்கத்தில் இருந்தேன். எங்கேயோ வைக்கோல் போர் பற்றிக்கொண்டதாம். வேறு டிரைவர் வண்டியை எடுத்திருக்கிறார். தூரத்தில் மணிச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் சன்னலைச் சாத்தினேன், போர்வையை எடுத்து உன் காதில் அமுக்கினேன். நம்முடைய மணி, மாப்ளே. நீ பித்தளை பாலிஷ் போட்டுத் துடைத்துவைக்கிற மணி. அது கிட்டே வர வர உன் முதுகு எழும்பிக்கொண்டே போனது. உன் கண் என்னையே பார்த்தது. வண்டி கடந்து போனபின் நீ திரும்பிப் படுக்கையில் விழவில்லை. வளைந்தபடியே உன் மூச்சு நின்றுவிட்டது.

அந்த டிரைவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நெருப்புக்குப் போகிற வண்டி மணி அடிக்கத்தான் வேண்டும்.

மிராசுதார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை. "விதி முடிஞ்சிருக்கும்" என்று காரியஸ்தர் சொல்லியனுப்பினார்.

உன் வீட்டுச் சேதி சொல்கிறேன். பாக்கியம் உறையூரில் சுருட்டுச் சுற்றப் போகிறாள். புகையிலை நெடியில் இருமல் நிற்கவில்லை. உன் மகள் செல்விக்கு என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினோம். தாய்மாமன் இல்லாத குறைக்கு ஒரு துலுக்கனா என்று சேரியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பாக்கியம் ஒரு அதட்டுப் போட்டாள், அடங்கிவிட்டார்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் மட்டும் உன்னை மாதிரியே மக்கு.

இனிதான் போன வார விஷயம். இப்போது பள்ளிக்கூடங்களுக்குப் போய் நெருப்பு அணைப்பது எப்படி என்று செய்து காட்டுகிறோம். மண்ணை எப்படிப் போடுவது, துணியில் தீப்பிடித்தால் எப்படி உருள்வது, இப்படி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். டீச்சர் கேட்டார், இந்த வண்டியை இதற்கு முன்னால் யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று.

பத்து வயது இருக்கும், ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். "எங்க வீட்டுக்கே வந்திருக்கு டீச்சர். நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, கெணறு எறைக்கிறதுக்கு."

மண் வாளியைக் கீழே வைத்தேன். "எந்த வீடும்மா?" என்றேன். சொன்னாள். அதே வீடு.

"எதுக்கு எறைச்சாங்க, தெரியுமா?"

"ம். கெணத்துல நாய் விழுந்து செத்துப்போச்சாம். அப்பா சொன்னாரு."

மாப்ளே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? பச்சைப் பிள்ளை அது. ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"நாய் இல்லம்மா. நீதான் விழுந்தே. ஒரு ஃபயர்மேன் எறங்கி உன்னைத் தூக்கிட்டு வந்தாரு. அந்தக் காயத்துலயே அவரு செத்தும் போயிட்டாரு. அவரு எறங்குனதுக்காகத்தான் கெணத்தை எறைச்சாங்க."

அவள் கேட்டாள்: "அவுங்க என்ன ஆளுங்க?"

"உன்னைத் தூக்குன ஆளும்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகத் தன் பாவாடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்தவளும் நகர்ந்தாள். பெஞ்சில் அவள் தனியாக இருந்தாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. அந்தக் கிணற்றில் அவள் தொங்கிக்கொண்டிருந்ததுதான் கண்முன் வந்தது. இந்தத் தடவை இறங்க நீ இல்லை.

குழாயைச் சுருட்டும்போது தனியாக வண்டிக்கிட்டே வந்தாள். "அவர் பேர் என்ன?" என்றாள். தங்கராசு என்றேன். அவள் வண்டியில் வைத்திருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மிராசுதார் ஆபீசரைப் பார்த்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடு என்றார் ஆபீசர். "நான் என்ன சார் பொய் சொன்னேன்?" என்றேன். வேறு ஊருக்கு மாற்றல் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். பாக்கியத்திடமும் சொல்லிவிட்டேன், மாதம் ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவேன் என்று.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். எந்த ஊருக்குத் தள்ளினாலும் அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கும், பிள்ளைகள் இருக்கும். மண்ணைப் போடுவதும் உருள்வதும் அப்புறம். முதலில் ஒரு கிணறு, ஒரு குழந்தை, தங்கராசு என்று ஒரு மனுஷன், அவன் எப்படிச் செத்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் குழாயைத் திறப்பேன். பெஞ்சில் யார் நகர்ந்து உட்கார்ந்தாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
செல்விக்குத் தாய்மாமன், உனக்கு மச்சான்,
காதர்