உன் கழுத்துப் பட்டையை மோந்து பார்த்தேன்

தம்பி,

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது உன் கழுத்துப் பட்டை கிடைத்தது. தலையைத் தாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த அதே பஞ்சுப் பட்டை. எடுத்ததும் முதல் காரியமாக மோந்து பார்த்தேன். தைல வாசனைதான் வந்தது. நீ போய் ஆறு மாதமாகிறது, என் மூக்குக்கு இன்னும் புத்தி வரவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவள் நான். பொழுது சாயும் நேரத்தில் ஆம்பிளைத் தலை தொங்கினால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். நீயும் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு அப்படிக் கிடந்தவன்தானே? வாசலில் நிறுத்தி, "ஊதிக் காட்டு" என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன். பிறகு முனியாண்டி சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டுவிட்டாய். இருபது வருஷம் தொடவில்லை என்றாய். நம்பினேன், ஆனால் முழுசாக இல்லை.

அறுபதைத் தாண்டியதும் உன் தலை மறுபடி சாய ஆரம்பித்தது. காலையில் நேராக இருப்பாய். சாயங்காலம் தாடையைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருப்பாய். கோப்பியைக்கூட ஸ்ட்ரா போட்டுக் குடித்தாய். காரில் பிரேக் போட்டால் உன் தலை ஓர் ஆட்டம் ஆடித்தான் நிற்கும். காலையில் தெளிவு, சாயங்காலம் தொய்வு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

என் கடைசி மகளுக்கு ஜெலாப்பாங் மண்டபத்தில் கல்யாணம், சாயங்கால முகூர்த்தம். தாய்மாமன் மாலையைத் தட்டில் எடுத்துக்கொண்டு நீ மேடை ஏறினாய், மோவாய் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டைப் பிடுங்கினேன். "குடிச்சிட்டு என் பொண்ணுக்கு மாலை போட வராத" என்றேன். பக்கத்தில் மைக் இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. மாலையைப் பெரியப்பா மகன் போட்டான். நீ மேடையை விட்டு இறங்கிப் போனாய். அதையும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன், பாவி.

அடுத்த மாதம் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அக்கறையால் மட்டும் இல்லை. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான். உன் பையைக்கூடச் சோதித்தேன். "காலையில நல்லாத்தான் இருப்பான், பொழுது சாயட்டும் பாருங்க" என்று பிசியோ பெண்ணிடம் போட்டுக்கொடுத்தேன். அவள் உன்னைச் சாய்மானம் இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போனாள். ஒரு மணி நேரத்தில் என் கண் முன்னாலேயே உன் தலை இறங்கியது. நடுவில் நீ குடித்தது என் போத்தல் தண்ணீர் மட்டும்.

"கழுத்துச் சதையில ரெண்டு வகை நார் இருக்கு ஆன்ட்டி" என்றாள் அவள். "ஒண்ணு மெதுவா வேல செய்யும், நாளெல்லாம் தலைய தாங்கும். இன்னொண்ணு வேகமானது, சட்டுனு திரும்ப, ஆட்டம் வந்தா இழுத்துப் பிடிக்க. வயசானா வேகமானதுதான் அதிகமா மெலியும். அங்கிளுக்குப் பின்னங்கழுத்துல தாங்குற சதையும் பலமா இல்ல. காலையில தாங்குது, போகப்போக களைச்சிடுது. வேற நோய் இல்லன்னு டாக்டர் பாத்துட்டாரு."

நீ முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பாயோ என்று அவளையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். நீயோ நெஞ்சில் கிடந்த மோவாயோடு கண்ணை மட்டும் உயர்த்தி, "ஊதிக் காட்டவாக்கா?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாய். "மைக்ல சொன்னத மைக்லயே தப்புன்னு சொல்லிடுக்கா, அது போதும்லா." மகள் வளைகாப்பில் சொல்கிறேன் என்றேன். அதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டாய். உன் கருமாதியில்தான் எழுந்து நின்று, என் தம்பி குடிக்கவில்லை என்று சொன்னேன். பெரியப்பா மகன் என் தோளைத் தட்டி, "விடுக்கா, போனவனப் பத்தி இனிமே என்னாத்துக்குலா" என்றான். குடிகாரனை மன்னிக்கிற குரல் அது. நான் மண்டபத்தில் விதைத்த சந்தேகம் என்னைவிடச் சொந்தக்காரர்களிடம் நன்றாக வேரூன்றியிருந்தது.

அதனால் இந்த ஒரு வாரமாகப் பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். நேற்று பாகான் செராய் சித்தி வீடு. இரண்டு நார் விஷயத்தையும் நாற்காலியில் நீ உட்கார்ந்ததையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துப் பட்டையைக் கையில் வாங்கினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள்.

நான் அதைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.