ஆளில்லாத வீட்டில் விளக்கு

தெக்கேமூழி
16 ஜூன் 2013

அன்புள்ள ரெஜிக்கு,

சேச்சி எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் "டியூட்டிக்கு நேரமாச்சு சேச்சி" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

நீயும் பின்சியும் பிள்ளைகளும் அயர்லாந்துக்கு விமானம் ஏறி இரண்டு மாதம் ஆகிறது. புது வீட்டில் ஒரு வாரம் படுத்திருப்பீர்களா? பால் காய்ச்சிய அடுப்பில் இன்னும் கடை வாசனை போகவில்லை. அப்பச்சன் தினமும் எழுந்ததும் நம் பழைய வீட்டு வாசலில் நின்று, பக்கத்தில் உன் இரண்டு மாடியை அண்ணாந்து பார்க்கிறார். வழியில் போகிறவர்களை நிறுத்தி "என் மகன் வீடு" என்று காட்டுகிறார். இதே வழியில் பிறந்து வளர்ந்தவர்களிடமும் காட்டுகிறார்.

நம் தெருவழியில் ஒன்பது வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பதினோரு பிள்ளைகள். நீ படித்தபோது பெஞ்சில் இடமில்லாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறதா?

நம் வழியில் இருந்த தங்கச்சன் மாஸ்டர் இறந்துபோனார். நான்கு தேசத்திலிருந்து நான்கு பிள்ளைகளும் லீவு கிடைத்து வந்து சேரும்வரை ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அப்பச்சன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அடியே, நான் செத்தா என்னைய அந்தப் பொட்டியில போட்டு உறைய வைக்காத. நான் என்ன மத்தி மீனா?" என்றார். வேதப் புத்தகத்தில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் சேச்சி
லீலாம்மா


கார்க், அயர்லாந்து
2 ஆகஸ்ட் 2013

பாசமுள்ள சேச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பின்சி படித்துவிட்டுச் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. வீட்டைக் கட்டச் சொன்னது யார்? "மகனுக்கு ஒரு வீடு இல்லைன்னு நாலு பேர் சொல்லக் கூடாது" என்று என் பின்னாலேயே நடந்தது அப்பச்சன்தானே?

பின்சிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எனக்குக் கிடைத்தது முதியோர் இல்லத்தில். கிழவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. இதை அப்பச்சனிடம் சொல்லிவிடாதே. எனக்கும் ஆஸ்பத்திரி வேலை என்றே இருக்கட்டும். ஐந்து வருஷம்தான், பிறகு வந்துவிடுவோம்.

ஒரு உபகாரம். வீடு இருட்டாகக் கிடந்தால் திருடனுக்குச் சொல்லி அனுப்பியது மாதிரி. சாயங்காலம் ஹால் லைட்டையும் மாடி லைட்டையும் போட்டுவிட்டு, காலையில் அணைத்துவிடு. ஆள் இருப்பது மாதிரித் தெரிய வேண்டும்.

அன்புடன்
ரெஜி


தெக்கேமூழி
10 செப்டம்பர் 2017

அன்புள்ள ரெஜிக்கு,

நீ சொன்ன அந்த ஒரு உபகாரம் இப்போது என் தலையில் உத்தியோகமாகிவிட்டது. உன் வீட்டுக்கு விளக்குப் போடுவதைப் பார்த்து, ஊரைவிட்டுப் போன ஒவ்வொருவரும் "டீச்சர், எங்க வீட்டுக்கும் ஒரு சுவிட்சுதானே" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். தினமும் ஏழு வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்ததும் கோயில் மணியம் மாதிரிச் சாவிக்கொத்தோடு கிளம்புகிறேன். விளக்கு போடணும், ஜன்னல் திறக்கணும், குழாய் துருப்பிடிக்காமல் கொஞ்சம் தண்ணீர் விடணும். நான்கு கழிப்பறை உள்ள வீட்டில் பல்லிகூட இல்லை.

போன வாரம் டவுனிலிருந்து வந்த ஆட்டோக்காரன், "இந்த வழியில எல்லாரும் நல்லா வசதியா குடியிருக்காங்க போல" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வார்டு மெம்பர் ஷைலஜா கணக்கெடுக்க வந்து, பேனாவை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷத்தில் வீடு ஒன்பது பதினொன்றாகியிருக்கிறது, ஆள் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். அப்படியே எழுது, படிக்கிறவனுக்கு வெட்கம் இருந்தால் புரியும் என்றேன். அவளுடைய மகனும் துபாயில்தான், முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

ஒன்றாம் வகுப்பில் இந்த வருஷம் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். பாதி நாள் பின்சி வீட்டில், பாதி நாள் கல்யாண வீடுகளில். அப்பச்சனோடு உட்கார்ந்து ஒருவேளை கஞ்சி குடித்தாயா? நீ சொன்ன ஐந்து வருஷம் வந்துகொண்டிருக்கிறது. நான் கேட்கிறேன் என்று நினைக்காதே. அவர் கேட்கிறார்.

சேச்சி
லீலாம்மா


தெக்கேமூழி
19 டிசம்பர் 2018

ரெஜிக்கு,

அப்பச்சன் விழுந்ததையும் இடுப்பெலும்பு முறிந்ததையும் ஃபோனில் சொன்னேன். எப்படி என்று கேட்டாய், "வழுக்கிவிட்டார்" என்றேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் முதலில் உன் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, மற்ற வீடுகளுக்குப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருக்கிறார். எதிர்வீட்டுப் பொடியம்மாவுக்குக் காது கேட்காது. அவளையும் எங்களையும் விட்டால் இந்த வழியில் குரலைக் கேட்க ஒரு மனுஷன் இல்லை. நான் ஆளில்லாத வீடுகளுக்கெல்லாம் விளக்குப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, குழாயைத் திறந்து மூடித் திரும்பி வரும்வரைக்கும் ஆள் இருக்கிற வீட்டின் ஆள் மண்ணில் கிடந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கியபோது என்ன சொன்னார் தெரியுமா?

"ரெஜி வீட்டுல லைட்டு எரியுது பாரு. எவ்வளவு நேரமா கூப்புடுறேன், வர மாட்டேங்கிறான்டி."

கத்திக் கத்தி அவர் குரல் கம்மிப் போயிருந்தது. அத்தனை நேரம் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். விளக்கைப் போட்டு அவரை ஏமாற்றியவள் நான். போடச் சொன்னவன் நீ. எனக்கு உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

என் அலறலைக் கேட்டு வந்தவர்கள் பாலத்து வேலை முடிந்து அந்த நேரம் இப்படித் திரும்பிக்கொண்டிருந்த, ஒடிசாவிலிருந்து வந்த ஒடியாக்காரர்கள். மனோரஞ்சன் என்று ஒரு கொத்தனார், அவனோடு இரண்டு பேர். ஒரு பலகையில் அவரைக் கிடத்தி, அசங்காமல் ரோடுவரை சுமந்து ஏற்றிவிட்டார்கள். அந்த மனோரஞ்சன், பெண்டாட்டி பாசந்தியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஆற்றோரம் தகரக் கொட்டகையில் குடியிருக்கிறான். மழை பெய்தால் பிள்ளைகள் உட்கார்ந்தே தூங்குமாம்.

மற்றவர்கள் சாவியையெல்லாம் அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் வீட்டுக் கீழ்த்தளத்தை மனோரஞ்சனுக்குத் திறந்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. இனி அப்பச்சன் கூப்பிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒருவன் வருவான்.

லீலாம்மா


கார்க்
11 ஜனவரி 2019

சேச்சி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அது உனக்குப் போதாது, தெரியும்.

ஆனால் என் வீட்டை வங்காளிக்குத் திறந்துவிட நீ யார்? ஒடியா என்று திருத்தாதே, வடக்கேயிருந்து வேலைக்கு வருகிற எல்லாரும் ஊருக்கு வங்காளிதான். பின்சியின் அண்ணன் ஃபோன் செய்து "உங்க வீட்டு மாடியில சேலை காயுதே, வாடகைக்கு விட்டுட்டீங்களா, அவ்வளவு கஷ்டமா" என்று கேட்கிறான். நான் இங்கே கிழவர்களின் மலம் வாரிக் கட்டிய வீடு அது.

உனக்கு ஒன்று புரியவில்லை. அந்த வீடு பூட்டியிருக்கிறவரை நான் வெளியே போயிருக்கிறேன், அவ்வளவுதான். அதில் ஒருவன் குடியேறிவிட்டால் நான் திரும்பி வரமாட்டேன் என்று ஆகிவிடும். அதை நீ முடிவு செய்யாதே.

இந்த மாதத்துக்குள் காலி செய். முன்போலவே விளக்கு மட்டும் போடு.

ரெஜி


தெக்கேமூழி
3 பிப்ரவரி 2019

ரெஜிக்கு,

காலி செய்துவிட்டேன். பாசந்தி தரையைத் துடைத்து, அடுப்பைத் தேய்த்து, நீ வைத்துவிட்டுப் போன மாதிரியே ஆக்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் தலை குனிந்து நின்றேன்.

அவர்கள் இப்போது நம் பழைய வீட்டுத் தெற்கு அறைகளில் இருக்கிறார்கள். இது அப்பச்சன் வீடு. அவர்தான் "இங்க வரச் சொல்லுடி" என்றார். மூத்தவள் ரிங்கியை என் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அவளைப் பார்த்து ஆற்றோரத்து மற்றக் கொட்டகைகளிலிருந்து இன்னும் நான்கு பிள்ளைகள் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தை மூடும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

உன் வீட்டுக்கு விளக்குப் போடுகிறேன். நீ சொன்னதற்காக இல்லை. அப்பச்சன் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். சாயங்காலம் ஆனால் "ரெஜி வீட்டுல லைட்டப் போட்டியா" என்று கேட்கிறார். ஆளில்லை என்று அவருக்கும் தெரியும்.

லீலாம்மா


கார்க்
28 ஆகஸ்ட் 2023

சேச்சி,

எட்டு நாள். எட்டே நாள் உன்னால் பொறுக்க முடியவில்லையா? லீவு எழுதிக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். நம் ஊரில் எந்த வீட்டில் பிள்ளைக்காகக் காத்திருக்கவில்லை? அப்பச்சனை மறுநாளே மண்ணில் இறக்கிவிட்டாய்.

ஒரே மகன் நான். அப்பனுக்குக் கடைசி முத்தம் கொடுக்க வேண்டியவன், ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் படம் நின்றுவிட்டது. படம் மறுபடி வந்தபோது பெட்டியின் தலைப்பக்கத்தை அந்த மனோரஞ்சன் தோளில் வைத்திருக்கிறான். என் இடத்தில்.

பத்து வருஷமாக இங்கே எத்தனை பேருடைய அப்பனைக் குளிப்பாட்டியிருக்கிறேன் தெரியுமா? என் அப்பனை ஒருதடவை குளிப்பாட்ட நீ விடவில்லை. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், இனி அங்கே யாரைப் பார்க்க வர? பழைய வீடு மகனுக்கு என்பது நம் வழக்கம். அந்தக் குடும்பத்தை அனுப்பிவிட்டு அதைப் பூட்டு. நீ என் வீட்டில் இருந்துகொள்.

ரெஜி


தெக்கேமூழி
17 செப்டம்பர் 2023

ரெஜி,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியும். நானும் அழுதேன். அழுது முடித்துத்தான் எழுதுகிறேன்.

மத்தி மீனா நான் என்று கேட்டவர் அவர். பத்து வருஷத்துக்கு முன்பே உனக்கு எழுதினேன். நீ வருவாய் என்று அவர் உயிரோடு காத்திருந்தது போதும். செத்தபிறகும் உன் லீவுக்காகக் குளிரில் காத்திருக்க வைக்க என்னால் முடியாது. நான் வைக்க மாட்டேன். இன்னொரு தரம் கேட்டாலும் இதுதான் பதில்.

உன் இடத்தில் மனோரஞ்சன் நின்றான் என்கிறாய். நான்கரை வருஷம் அவரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனவன் அவன். அங்கே உனக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கே அவன் வாங்கவில்லை. கடைசியாகக் குளிப்பாட்டியதும் அவன்தான். சர்ச்சில் பாதிரி அச்சன் "பெட்டி எடுக்க ஆள் வாங்க" என்று கூப்பிட்டபோது நம் ஆட்களில் எழுந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மூட்டு வலி. மீதித் தோள் எல்லாம் அந்தக் கொட்டகைக்காரர்களுடையது.

கொட்டகை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். இப்போது யாரும் கொட்டகையில் இல்லை. உன்னைப்போல் மூக்கைச் சுளித்தவர்கள் எல்லாம், சுவரில் பூஞ்சை பூத்துக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். தங்கச்சன் மாஸ்டர் வீட்டில் அசாம்காரக் குடும்பம். அவர் கார் நிறுத்திய இடத்தில் ஆடு கட்டியிருக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு மேல், நம்முடையது மூன்று. ரிங்கி போன வாரம் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். சாயங்காலமானால் வழியெல்லாம் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் எனக்குத் தலை வலிக்கிறது. திட்டுகிறேன், கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

வழக்கம் என்கிறாய். அப்பச்சன் எதையும் எழுதி வைக்கவில்லை. சட்டப்படி பழைய வீட்டில் பாதி எனக்கு. என் பாதியில் நானும் மனோரஞ்சன் குடும்பமும் இருப்போம். உன் பாதியைப் பூட்ட வேண்டுமானால் நீயே வந்து பூட்டு.

அடக்கம் முடிந்த அன்றும் சாயங்காலம் ஆனதும் என் கால் தானாக உன் வீட்டுக்குப் போனது. சுவிட்சில் கை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக நம் வீட்டைப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. யாருக்காகப் போடுகிறேன் என்று நின்றேன். பிறகு பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாவி மீட்டர் பெட்டிக்குள் ஆணியில் தொங்குகிறது. நீ வந்தால் நீயே திறந்துகொள், விளக்கையும் நீயே போட்டுக்கொள். இப்போது இந்த வழியில் இருட்டாகக் கிடப்பது உன் வீடு ஒன்றுதான். அங்கே யாரும் இல்லை என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிகிறது. தெரியட்டும்.

லீலாம்மா